ஒரிஜினலில் இருந்த கட்டு

ரீமேக் படத்தில் உதவி இயக்குநருக்கு ஒரே வேலைதான்: யாரும் சொந்தமாக யோசித்துவிடாமல் பார்த்துக்கொள்வது. மேலே இருப்பவர் சொன்னதை அப்படியே செய்து, அதற்கே திட்டும் வாங்கியிருக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

டெக் சுமந்தவன்

எண்பதுகளின் கடைசி. கேரளத்தில் நன்றாக ஓடிய ஒரு போலீஸ் காமெடியைத் தமிழில் எடுத்தோம். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய வீட்டுக்கு போர்டு மாட்டி ஸ்டேஷன் ஆக்கியிருந்தார்கள். வீடியோ டெக்கையும் டி.வி.யையும் சுமந்துபோய், ஒவ்வொரு ஷாட்டுக்கு முன்னாலும் ஒரிஜினலைப் போட்டுக் காட்டுவது என் பொறுப்பு.

அதற்கு முன் நான் வேலை பார்த்த படமெல்லாம் பாதியில் நின்றவை. நான் சினிமாவில் இருப்பதை என் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. டைட்டிலில் பெயர் வந்தால்தான் எனக்கு மரியாதை. டைரக்டருக்கும் அது தெரியும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஒரிஜினல்ல இருக்கிறது அப்படியே வரணும்பா. ஒண்ணு மாறினாலும் டைட்டில்ல உன் பேர் இருக்காது."

எருமை வழக்கு

சேலையூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் போர்டைப் பார்த்து உள்ளே வந்துவிட்டார். அவருடைய எருமையைப் பக்கத்து வீட்டுக்காரன் பிடித்துக் கட்டிவைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறானாம். இன்ஸ்பெக்டராக நடித்த காமெடியனிடம் அழுதேவிட்டார். இது ஷூட்டிங், இவர் நடிகர் என்று எடுத்துச் சொன்னேன். அந்த அம்மா காமெடியனை மேலும் கீழும் பார்த்தார்.

"பரவால்ல சார். இதே டிரஸ்ஸோட ஒரு தபா வந்து நின்னுட்டுப் போ. அவனுக்கு இன்னா தெரியப்போவுது."

இடது கை

ஒரிஜினலில் இன்ஸ்பெக்டருக்கு இடது கையில் கட்டு. ஏன் என்று படத்தில் எங்கேயும் வராது. தினமும் காலையில் காமெடியன் கையில் அதைச் சுற்றிவிட்டது நான்தான். பாவம், பெல்ட் போடுவதற்குக்கூட அவருக்கு ஆள் தேவைப்பட்டது. "எனக்கு எப்படிய்யா அடிபட்டுச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தாங்க முடியாமல், கட்டை எடுத்துவிடலாமா என்று டைரக்டரிடம் கேட்டேன். அவர் டி.வி.யைக் காட்டினார். "அவங்க என்ன முட்டாளுங்களா? ஏதாவது காரணம் இருக்கும். போய்க் கட்டு."

விருந்தாளி

ஒரிஜினலில் இன்ஸ்பெக்டராக நடித்த மலையாள நடிகர், ஒருநாள் மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கியவர், எங்களையும் பார்க்க வந்தார். மாலை, இளநீர், போட்டோ எல்லாம் ஆயிற்று. காமெடியனின் கையைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்துவிட்டார்.

"அய்யோ, சாருக்கும் கை வெந்துபோச்சா? எனக்கு அந்தப் பட ஷூட்டிங்குக்கு முந்தின நாள் வெந்நீர் கொட்டிடுச்சு."

பழி என் மேல்தான் விழும் என்று எனக்குத் தெரியும். அவரை வழியனுப்பியதும், "இப்பவாவது எடுத்துடலாமா சார்?" என்றேன். டைரக்டர் அந்தக் கையைப் பார்த்தார்.

"முக்கால்வாசிப் படம் கட்டோட எடுத்தாச்சு. இனிமே அதை எடுத்தா, உன் பேரையும் சேர்த்து எடுத்துருவேன்."

படம் ஓடியது, டைட்டிலில் என் பெயரும் வந்தது; பிறகு எங்கள் படத்தைப் பார்த்துத் தெலுங்கில் எடுத்தார்கள், அதில் என் பெயர் இல்லை, கட்டு மட்டும் இருந்தது.