ஜெபமணியக்கா சொல்லச் சொன்னது

மதியச் சாப்பாட்டுக்கு மிஷின்கள் நின்ற நேரத்தில் இன்பராஜ் அண்ணனின் போன் வந்தது. "அக்கா போயிட்டாம்மா. எல்லார்ட்டயும் சொல்லிரு" என்றார். நம் பனியன் கம்பெனியின் பெருமாநல்லூர் யூனிட்டில் பன்னிரண்டு வருடம் ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்த அவர் மனைவி ஜெபமணியக்காவை நம்மில் அறியாதவர் இல்லை. கல்லீரலில் புற்றுநோய் என்பதும் கடைசியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அது எதனால் வந்தது என்பது வேலை இடத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். "நான் இருக்க மட்டும் சொல்லாத. போனப்புறம் சொல்லு, நாலு பேராவது டெஸ்ட் எடுப்பாங்க" என்று அக்காதான் கேட்டுக்கொண்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் நான் மாசமாக இருந்தபோது ரத்தப் பரிசோதனையில், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது என்று வந்தது. ரெஸ்ட் ரூமில் நின்று அழுதுகொண்டிருந்தேன். பின்னாலேயே வந்த அக்கா ரிப்போர்ட்டை வாங்கிப் படித்தார். "இதுக்கா அழுதுட்டு நிக்கே? எனக்கும் இதேதான் புள்ள. ஏழு வருசமா மாத்திர தின்னுக்கிட்டுத்தான் மிஷின்ல உக்காந்திருக்கேன்." ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் நாங்கள். எனக்கு அப்படித்தான் வந்திருக்குமோ என்று அந்த நிமிடத்தில் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "சாப்பாட்டுல ஒட்டாது. டாக்டர்ட்டயே கேளு" என்றார். மறுநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு உடன் வந்தார்.

அக்கா தெம்பாக இருந்ததால், அவர் சாப்பிடும் மாத்திரையையே எனக்கும் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். "அவங்களுக்குக் கிட்னி பலவீனம், அதனால என்டெகாவிர். உங்களுக்குக் கிருமி அளவு ஜாஸ்தி, வயித்துல குழந்தை இருக்குது. டெனோஃபோவிர்தான் சரி" என்றார் டாக்டர். என் மகள் பிறந்த அன்றே தடுப்பூசி போட்டார்கள். பிறகு எடுத்த பரிசோதனையில் அவளுக்கு நோய் இல்லை என்று வந்தபோது என்னைவிட அதிகம் அழுதவர் அக்காதான்.

அந்தச் சந்தோஷத்தில், மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். அக்காவுக்குக் கோபம் வந்து அன்றுதான் பார்த்தேன். "கிருமி செத்துப்போகல, அடங்கிக் கெடக்கு. முந்தி ஒருக்க ஊருக்குப் போனப்ப நல்லாத்தான இருக்கோம்னு நானா நிறுத்தினேன். கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயித்துல தண்ணி கோத்துப் படுத்துக் கெடந்தேன். டாக்டரக் கேக்காம நிறுத்தாத." அந்தப் படுக்கையோடு அவருடைய கல்லீரல் சுருங்கத் தொடங்கியிருந்தது. கட்டி ஏதும் வருகிறதா என்று பார்க்க, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார்கள்.

இனி எழுதுவதுதான் கடினம். போன வருடம் ஸ்கேனுக்காக லீவு கேட்டு என்னிடம் வந்தார். நான் அப்போது சூப்பர்வைசராகி இருந்தேன். "ரிப்போர்ட்டுல கிருமியே தெரியலீன்னுதானுங்க்கா வந்துச்சு? இந்த ஷிப்மென்ட் போகட்டுங்க்கா" என்றேன். திரும்பி மிஷினுக்குப் போய்விட்டார். அடுத்த முறை லீவே கேட்கவில்லை. பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி வந்து, அதற்குள் பெரிதாகியும் இருந்தது. மாத்திரை புற்றுநோய் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்கிவிடாது என்பது தெரிந்தும் அப்படிச் சொன்னவள் நான்.

ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தானுங்க்கா உங்களத் தடுத்துப்போட்டேன்" என்றேன். "ஒரு தடவதான நீ சொன்ன. அடுத்த தடவ நாந்தான் போகல. என்ன வருமோன்னு பயம்" என்றார். பிறகு, "உனக்கு எப்ப டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும்?" என்று கேட்டார். தேதியைச் சொன்னதும் தலையசைத்தார். அவர் மன்னித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை.

அழுதுகொண்டிருந்த ஒருத்திக்காக, அத்தனை வருடம் மறைத்து வைத்ததை அந்த நிமிடமே சொன்னாரே, அந்தத் துணிச்சலை அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்கிறேன். எனக்கும் இதே நோய்தான். தினமும் மாத்திரை சாப்பிடுகிறேன். டெஸ்ட் எடுக்கப் பயமாக இருப்பவர்கள் என்னிடம் வாருங்கள், உடன் வருகிறேன். எந்த ஷிப்மென்ட்டாக இருந்தாலும் லீவுக்கு நான் கையெழுத்துப் போடுகிறேன்.