வேனில் கற்ற சதுரங்கம்

வாணியம்பாடியிலிருந்து ஆம்பூருக்குக் கம்பெனி வேனில் அரை மணி நேரம். நான் ஷூ கம்பெனியில் தையல் சரிபார்க்கிறவள். பக்கத்து சீட்டில் உட்காருகிறவள் அதே கம்பெனி ஆபீசில் வேலை செய்கிறாள். என்னைவிடச் சின்னவள், வீட்டில் உருது பேசுவாள். என் மகள் விளையாடிச் சலித்துப்போட்ட காந்தச் சதுரங்கப் பலகையை ஒருநாள் பையில் எடுத்துப் போனேன். வேன் குலுங்கினாலும் காய்கள் விழாது.

எந்தக் காய் எப்படிப் போகும் என்பது மட்டும்தான் இரண்டு பேருக்கும் தெரியும். வெட்ட முடிந்ததையெல்லாம் வெட்டினோம். கடைசியில் பலகையில் இரண்டு ராஜாக்கள் மட்டும் மிஞ்சுவார்கள். யார் ஜெயித்தது என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இறங்குவோம்.

பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ராணியையும் மந்திரியையும் சீக்கிரம் வெளியே எடுத்தால் நான்கே நகர்த்தலில் ஆட்டம் முடிந்துவிடும். அந்த வாரம் முழுக்க நானே ஜெயித்தேன்.

"இன்னாக்கா, டெய்லி இதே பேஜாரா இருக்குது" என்று பலகையை மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை அவள் வேறு ஆளாக வந்தாள். என் ராணி வெளியே வந்ததும் ஒரு சிப்பாயை நகர்த்தித் துரத்தினாள். அடுத்து குதிரையை எடுத்துத் துரத்தினாள். ராணி ஓட ஓட அவளுடைய காய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என் காய்களெல்லாம் வீட்டை விட்டே கிளம்பவில்லை. ஆம்பூர் வருவதற்குள் தோற்றேன். ராணியை அவசரப்பட்டு அனுப்பக்கூடாது, முதலில் குதிரைகளும் மந்திரிகளும் வெளியே வரவேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

ஆனாலும் ஆட்டத்துக்கு ஆட்டம் எதையாவது சும்மா பறிகொடுத்தேன். அவளுக்கே பொறுக்கவில்லை.

"ஒரு ஷூவ நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பாக்கறீங்க. இங்க மட்டும் இன்னாக்கா அவசரம்? நான் ஏன் அங்க வெச்சேன்னு மொதல்ல பாருங்க."

அதையே பழக்கமாக்கிக்கொண்டோம். ஒருத்தி நகர்த்தியதும், அவள் எதைக் குறிவைக்கிறாள் என்பதை மற்றவள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் காயைத் தொடலாம். "யானையப் பாக்குது... குதிரைக்கு வழி விடுது..." என்று நாங்கள் முணுமுணுப்பதைக் கேட்டு டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார். ஆட்டம் மெதுவாகப் போனது. ஒரு ஆட்டம் முடிய இரண்டு நாள்கூட ஆனது. ஆனால் சும்மா பறிபோகும் காய்கள் கம்மியாயின.

போன மாதம் வேலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எல்லா வயதினருக்கும் போட்டி வைத்தார்கள். இரண்டு பேரும் பெயர் கொடுத்தோம். முக்கால்வாசி பேர் பள்ளிப் பிள்ளைகள். முதல் ஆட்டத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி என்னைத் தோற்கடித்துவிட்டு, "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றாள். அடுத்ததிலும் தோல்வி. பக்கத்து மேசைகளில் என் வேன் தோழிக்கும் அதே கதி. மூன்றாவது சுற்றுக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்தால், எனக்கு எதிரே அவள்தான்.

உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் அவள் வாய்விட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். நடுவர் வந்து, "பேசக்கூடாதும்மா" என்றார். இரண்டு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஆடினோம். நடுவில் தன் குதிரையைக் காவலில்லாமல் விட்டுவிட்டாள். வேனாக இருந்தால், "பாத்து வெய்" என்றிருப்பேன். ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு யானையால் அதை வெட்டினேன். துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் காந்தப் பலகையை மடியில் வைத்து, குதிரை வெட்டுப்பட்ட கட்டத்திலிருந்து காய்களை மறுபடி அடுக்கினோம். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அக்கா! உங்க யானை இங்க வந்துட்டதால உங்க கடைசி வரிசைல காவலே இல்ல. என் யானைய அங்க எறக்கியிருந்தா செக்மேட்!"

உண்மைதான். என் ராஜா தப்ப வழியில்லாமல் என் மூன்று சிப்பாய்களே முன்னால் கதவடைத்தாற்போல் நின்றன. எனக்கும் அது கண்ணில் படவில்லை.

"குதிரை போச்சேன்னு உள்ளுக்குள்ள அழுதுக்கினே இருந்துட்டேன்க்கா" என்றாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. தன் யானையை என் கடைசி வரிசையில் இறக்கி வைத்து, அந்த அழகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னாலும் கண்ணை எடுக்க முடியவில்லை.