அத்தை காய்ச்சிய பசை

போன வாரம் பேரன் தன் அறையின் சீலிங்குக்கு வால்பேப்பர் ஒட்ட ஆள் வைத்தான். அவர்கள் பசை டப்பாவைத் திறந்ததும் கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். "பாட்டி, அது பாயசம் இல்ல" என்று பேரன் கேலி செய்தான். கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். பசையைக் கண்டால் எனக்கு எங்கள் அத்தை ஞாபகம் வந்துவிடும்.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. அப்போது நாங்கள் மைசூரில் அக்ரஹாரத்தில் குடியிருந்தோம். பழைய மச்சு வீடு. மாடியில் யாராவது நடந்தால் மேலே மச்சுக் கட்டைகளுக்கு நடுவிலிருந்து சுண்ணாம்புக் காரை பொலபொலவென்று உதிரும். தட்டை ஒரு கையால் மூடிக்கொண்டு சாப்பிட நாங்கள் பழகியிருந்தோம். வருகிறவர்களுக்கு அது பழக்கமாக இருக்குமா?

மார்டள்ளி என்ற கிராமத்திலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நிறைய நிலம், வற்றாத கிணறு, ஒரே பிள்ளை. அப்பா கல்யாணமே முடிந்துவிட்ட மாதிரி பேசிக்கொண்டிருந்தார். அத்தையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் அப்போது இல்லை.

"கேசரிபாத்துல காரை விழுந்தா மானம் போயிரும்" என்று அப்பா புலம்பினார். சித்தப்பா ஏதோ பங்களா ஏலத்தில் பிடித்த காகிதச் சுருள்களைக் கொண்டுவந்து போட்டார். வெளிர்நீலத்தில் ரோஜாப்பூ. சுவருக்கு ஒட்டுகிற காகிதம்தான், மச்சுக்கு ஒட்டினால் காரையும் விழாது, பார்க்கவும் லட்சணம் என்றார். துணைக்குத் தன் சிநேகிதரைக் கூட்டி வந்தார். அவர் புத்தகம் பைண்டிங் செய்கிறவர். எங்கள் ஜனம்தான், அடுத்த தெருவில் வீடு. அடிக்கடி வருவார். வந்தால் தண்ணீர் கேட்பார். அத்தைதான் கொண்டுவந்து கொடுப்பாள்.

பசை காய்ச்சுவது அத்தையின் பொறுப்பு. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம். அதனால் அம்மா சமையல் பாத்திரத்தைத் தராமல் பழைய டின் ஒன்றைக் கொடுத்தாள். அத்தை மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்தாள். கொதி வந்ததும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் ஒரு சொம்பு ஊற்றினாள்.

"தண்ணியா ஓடுதே அத்தை?" என்றேன்.

"இப்படித்தான் இருக்கும். நீ துத்தத்துல கை வைக்காம தள்ளி உக்காரு."

சிநேகிதர் வந்து பசையை விரலில் தொட்டுப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக வழிந்தது.

"எப்படிடா இருக்கு?" என்றார் சித்தப்பா.

அவர் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, "சரியா இருக்கு கணோ, இதுக்கு மேல கெட்டி வேணாம்" என்றார், 'டா'வுக்குப் பதில் கன்னடத்துக் 'கணோ' போட்டு.

மேஜைமேல் ஏறி நின்று இரண்டு பேரும் ஒட்டி முடித்தார்கள். அன்று சாயங்காலம் வீடே தரையில் மல்லாந்து படுத்து ரோஜாப்பூவைப் பார்த்தது, அப்பா உட்பட.

மறுநாள் மார்டள்ளிக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அத்தை காபித் தட்டோடு தலைகுனிந்து வந்து நின்றாள். கதவுக்குப் பின்னால் இருந்த நான், மேலே ஒரு ஓரம் பிரிந்து தொங்குவதைப் பார்த்தேன். இத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? கூச்சம். சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் நீளமான காகிதம் ஒன்று அவிழ்த்துவிட்ட வேட்டிபோல இறங்கி, மாப்பிள்ளையின் அம்மாவை முழுசாக மூடிவிட்டது.

"ஏனுங்க, கரண்டு போயிருச்சா?" என்று காகிதத்துக்குள்ளேயிருந்து குரல் வந்தது.

இன்னொன்று கேசரிபாத் மேல் விழுந்தது. கூடவே காரையும் விழுந்தது. மாப்பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார். அந்த அம்மா காகிதத்தை விலக்கிக்கொண்டு, "மச்சே நம்மள வேண்டாங்குது. எந்திரிங்க போலாம்" என்றார். அப்பா வாசல் வரைக்கும் கெஞ்சிக்கொண்டே போனார்.

அத்தை சமையலறை மூலையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நானும் ஓவென்று அழுதேன். அவள் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, சட்டியில் மிச்சமிருந்த கேசரியை ஊட்டினாள். அவள் கண்ணெல்லாம் ஈரம்.

சில மாதம் கழித்து அந்தச் சிநேகிதர் வீட்டிலிருந்தே பெண் கேட்டு வந்தார்கள். அப்பா முதலில் முறுக்கிக்கொண்டார். "நம்ம வீட்டு மச்சு கதை மார்டள்ளி பூரா தெரிஞ்சாச்சு, இனிமே வேற யாருங்க வருவாங்க?" என்று அம்மா கேட்டதும் இறங்கி வந்தார்.

நிச்சயத்துக்கு முன்னால் மிச்சமிருந்த சுருள்களை எடுத்து மறுபடியும் ஒட்டினார்கள். இந்தத் தடவையும் பசை காய்ச்சியது அத்தைதான். அடுப்பை விட்டு நகராமல், கை வலிக்க வலிக்கக் கிண்டினாள். கரண்டி அதில் அப்படியே நின்றது. நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்கிற வரைக்கும் ஒரு ரோஜாப்பூகூடக் கீழே விழவில்லை.

அத்தை ஒருவழியாகப் பசை காய்ச்சக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்றுதான் நான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.