பஸ்ஸின் தலையில் ஏறிய ஏரோப்பிளேன்

இதை எழுதவேண்டும் என்று பல வருஷமாக நினைத்தேன். பல வருஷமாகத் தள்ளியும் போட்டேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பிரஷ் பிடித்த கைக்குப் பேனா பிடிபடாது. ஆனால் இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள், "மரத்தத் தகரம் மாதிரி காட்ட என்ன கலவை போட்டிய?" என்று விடாமல் கேட்பதால், கர்த்தரைத் துணைக்கு வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பெட்டி வெள்ளி

திருவனந்தபுரத்தில் தபால் ஏரோப்பிளேன் வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம். வடசேரியில் நான் வண்டிகளுக்கும் பலகைகளுக்கும் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். மார்த்தாண்டம் பாதையில் பஸ் விட்ட ஏசுவடியான் முதலாளி புது பஸ் எடுத்தார். எதிர்க்கம்பெனிக்காரன் தன் பஸ்ஸின் கூரையில் மரச் சிங்கம் ஒன்றை வைத்திருந்தான். இவருக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகையில் வந்த ஏரோப்பிளேன் படத்தைக் கத்தரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஓய் பெயின்டரே, சிங்கம் ஓடத்தான் செய்யும். நம்ம வண்டி பறக்கணும். ஆசாரிகிட்ட மரத்துல செதுக்கச் சொல்லியாச்சு. பாக்கிறவன் தகரம்னு நம்பணும். இன்னும் ரெண்டு பஸ் வருது. இது சரியா வரலேன்னா அந்தச் சாய வேலையெல்லாம் மார்த்தாண்டத்துக்காரனுக்கு, பாத்துக்கிடும்."

அந்த வருஷம் நெல் மணி பிடிக்காமல் சாவியாகி, மாட்டுவண்டியைச் சாயம் பூசக் கொண்டுவர ஆளில்லை. வீட்டில் பிள்ளைகள். பஸ் வேலையும் போனால் பட்டறையை மூடிவிட்டு மண்வெட்டி தூக்கவேண்டியதுதான்.

ஆசாரி கும்பிள் மரத்தில், படத்தின் அளவைப் பெருக்கி, முழ நீளத்தில் அச்சாகச் செதுக்கித் தந்தார். மரத்தின் கண்களைப் பட்டி வைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, வார்னிஷில் அலுமினியப் பொடி கலந்து மூன்று கை பூசினேன். கண்ணாடி மாதிரி மின்னியது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு முதலாளியை அழைத்தேன். டிரைவர் தங்கையனும் கூட வந்தான். பார்த்ததும் பின்வாங்கினான்.

"மொதலாளி, இத வச்சா நான் வண்டி எடுக்கமாட்டேன்."

"ஏம்லே?"

"இது பெட்டி வெள்ளியாக்கும்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் வெள்ளிப் பூச்சு என்றால் சவப்பெட்டியின் சிலுவைக்கும் கைப்பிடிக்கும்தான். வேறெதற்கும் நான் அந்தப் பொடியை எடுத்ததில்லை. கை பழகினபடி பூசிவிட்டது.

"ஏறுறவன் டிக்கெட்டு எடுக்கணுமா, அடக்கத்துக்குப் பாட்டுப்புத்தகம் எடுக்கணுமா?" என்றான் தங்கையன்.

முதலாளி சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார். "சனிக்கிழமை போதகரய்யா வந்து வண்டிக்கு ஜெபம் பண்ணுவாரு. அதுக்குள்ள இவன் சம்மதிச்சா சரி. இல்லேன்னா நம்ம பேச்சு முடிஞ்சுது, ஓய்."

2. கிணற்றடி

வீட்டில் படத்தையும் ஏரோப்பிளேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொடியைக் கூட்டினால் பெட்டி. கரி சேர்த்தால் ஈயம்.

"இஞ்சேருங்க," என்றாள் என் வீட்டுக்காரி ஞானம்மாள். "அதுக்கு ஜெபம் பண்ணுறியளா, அடக்கம் பண்ணுறியளா?"

அவள் கிணற்றடியில் அலுமினியப் பானையைச் சாம்பலும் தேங்காய்நாரும் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடியை வட்டமாக, கழுத்தைக் குறுக்காக. வெயில் பட்டபோது ஒரே பானை இரண்டு நிறமாகத் தெரிந்தது. அவள் திருப்பினாள், மங்கல் இருந்த இடம் வெளுத்தது, வெளுப்பு மங்கியது.

"ஏட்டி, அந்தப் பானைய இங்க தா."

"கஞ்சிக்கா, கம்பெனிக்கா?"

படத்திலும் அப்படித்தான் இருந்தது. இறக்கை ஒரே வெள்ளையாக இல்லை. தகடு தகடாக, ஒன்று மங்கி, ஒன்று வெளுத்து. இத்தனை நாள் பார்த்தும் என் கண்ணுக்குப் படவில்லை.

பூச்சு இறுகக் காய்ந்தபின், சலித்த சாம்பலை ஈரத்துணியில் தொட்டு, கட்டம் கட்டமாக, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசையில் தேய்த்தேன். விளிம்புகளில் விளக்குக்கரியை மயிரிழையாக ஓட்டினேன். ஆணித்தலைகளுக்கு ஊசிமுனையால் புள்ளி. எஞ்சினுக்குப் பின்னால் புகைக்கறை, அது விரலால். மேலே ஒரு கை வார்னிஷ் அடிக்க மனசு துடித்தது. அடிக்கவில்லை. அடித்தால் திரும்பவும் பெட்டி.

ஞானம்மாள் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பானையப் பாத்துச் செஞ்சேன்னு மட்டும் சொல்லாதிங்க. ஏறுறவ கஞ்சி கேப்பா."

3. சனிக்கிழமை

போதகரய்யா வருமுன்னே கூட்டம் கூடிவிட்டது. தங்கையன் ஏணி வைத்து, ஏரோப்பிளேன் பொருத்தியிருந்த பஸ் கூரைக்கு ஏறினான். நான் கீழே நின்று உள்ளுக்குள் ஜெபித்தேன். அவன் மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தான். இறக்கையைச் சுண்டினான். டொக்கென்றது. திரும்பவும் சுண்டினான்.

"பெயின்டரே, உள்ள மரமா?"

"மரந்தான்."

உள்ளங்கையை இறக்கைமேல் வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "பின்ன ஏன்வே கை குளிருது?"

நல்ல உச்சி வெயில். குளிர வழியே இல்லை. கண் கண்டதைக் கை நம்பிவிட்டது.

இறங்கி வந்தவன் நேரே போய் ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். முதலாளி என்னைப் பார்த்து, "அந்த ரெண்டு பஸ்ஸுக்கு என்ன நிறம் போடலாம்?" என்றார். ஜெபம் முடிந்ததும், தோவாளையிலிருந்து பூக்கூடையோடு வந்து மார்த்தாண்டத்துக்கு ஏறின அம்மா ஒருத்தி, "காத்துல பறந்தா பூ வாடிராதா மக்கா?" என்று தங்கையனைக் கேட்டாள்.

"வாடாது, ஆத்தா. தாழ்வாப் பறப்பேன்," என்றான் அவன்.

பிள்ளைகளே, கலவை ஒன்றும் இல்லை. மினுக்கினால் தகடு ஆகாது. எந்தப் பக்கம் தேய்ந்ததோ அந்தப் பக்கம் தேய்ந்ததாகத் தெரிந்தால் தகடு.

மார்த்தாண்டத்தில் இதைச் சொல்கிறவர்கள், நான் திருவனந்தபுரம் போய் ஏரோப்பிளேனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பூசினேன் என்கிறார்கள். இல்லை. அன்றுவரை நான் ஓர் ஏரோப்பிளேனையும் நேரில் கண்டதில்லை. அவள் பாத்திரம் தேய்த்தாள், நான் பார்த்தேன், கர்த்தர் காட்டினார். பிறருக்குச் சொல்லும்போது நான் எழுதினபடியே சொல்லுங்கள். எனக்கு மரியாதை கூட்டுகிறேன் என்று அவளை விட்டுவிடாதீர்கள்.