கத்திரிப்பூ நிறச் சேலை

ஓர் அமைச்சரின் மனைவியை நான் ரசித்துப் பார்த்த கதை இது. என் மனைவியிடம் முன் அனுமதி பெற்றே எழுதுகிறேன். நடைமுறை என்றால் நடைமுறைதான்!

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். புதிய புறவழிச்சாலைக்கு மண்ணைக் கொட்டி மேடாக்கியவர்கள், மழைத்தண்ணீர் வடிய வழி விடவில்லை. நட்ட சம்பா மூழ்கிக் கிடந்தது. இன்னும் சில நாள் போனால் அழுகிவிடும்.

என் நிலத்தை ஒட்டி செல்வியின் நிலம். ஒரு காலத்தில் அதுவும் எங்கள் குடும்பத்துடையது; செல்வியின் அப்பா அதில் கூலி வேலை பார்த்தவர், பிறகு விலைக்கு வாங்கினார். வரப்புத் தகராறில் செல்விக்கும் எனக்கும் பேச்சே இல்லாமல் இருந்தது. தண்ணீர் வந்து வரப்பை மூடியதும்... தகராறுக்கு இடமில்லாமல் போயிற்று!

வருவாய்த்துறையில் காலம் தள்ளியவன் நான். இருவருக்குமாகச் சேர்த்து, போட வேண்டிய இடத்தில் முறைப்படி மனு போட்டேன். பதில் வந்தது — 'கணுக்கால் அளவே நீர் உள்ளது. தானே வடிந்துவிடும்.'

யாருடைய கணுக்கால்? யானையுடையதா?

போன வாரம் அமைச்சர் பார்வையிட வந்தார். அதற்கும் ஒரு முறை உண்டு. சாலையோரம் பந்தல், பந்தலில் மூழ்கிய வயல்களின் போட்டோக்கள். அதிகாரி ஒரு பிடி அழுகிய பயிரைக் காட்டுவார். அமைச்சர் தலையசைப்பார். கார் கிளம்பிவிடும். வயல்? அது பாட்டுக்கு இருக்கும்.

அன்று கூடவே அவர் மனைவியும் இறங்கினார். கட்சிக்காரர்களுக்கு அண்ணி. கத்திரிப்பூ நிறத்தில் கைத்தறிச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, காதில் சின்ன முத்து. எந்தக் கட்சிக் கொடியிலும் இல்லாத நிறமாகப் பார்த்து எடுப்பதற்கே தனி சாமர்த்தியம் வேண்டும்!

செல்வி நேரே அவரிடம் போனார்.

"அண்ணி, சேல அம்சமா இருக்குங்க. எங்க எடுத்தீங்க?"

"கும்பகோணத்துலதாம்மா. தொட்டுப் பாரு."

"ஐயையோ, கையெல்லாம் சேறுங்க! வயலப் பாக்கக் கூப்பிடலாம்னு வந்தேன். இந்தச் சேலயோட வேணாங்க, வீணாப் போயிடும். போட்டோவுலயே பாத்துக்கங்க."

அண்ணி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏம்மா, நான் நாத்து நடாதவள்னு நெனச்சியா?"

கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினார். நடவுக்கு இறங்கும் பெண்கள் செருகுவார்களே, அதே செருகல். செருப்பைக் கழற்றினார். இறங்கியேவிட்டார். முழங்காலுக்கு மேல் தண்ணீர். தூக்கிச் செருகிய சேலையும் நனைந்தது.

சும்மா இருப்பேனா? கரையில் நின்று குரல் கொடுத்தேன்: "கணுக்கால் அளவுன்னு எழுதிக் குடுத்திருக்காங்கம்மா!"

அண்ணி பந்தலைப் பார்த்துத் திரும்பினார். "ஏங்க, இங்க எறங்கி வாங்க. இது யாரு கணுக்காலுன்னு பாத்துச் சொல்லுங்க!"

வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு அமைச்சர் இறங்கினார். அமைச்சர் இறங்கினால் அதிகாரிகள் கரையில் நிற்க முடியுமா? பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக இறங்கினார்கள். கணுக்கால் என்று எழுதியவர் குள்ளம். பாவம், அவருக்குத் தொடை வரை.

அன்று மாலையே பொக்லைன் வந்தது. சாலையை வெட்டிக் குழாய் பதித்தார்கள். பயிர் பிழைத்துக்கொண்டது.

அழகாகச் சேலை கட்டத் தெரிந்தவர்கள் நிறைய. தேவைப்படும் இடத்தில் அதைத் தூக்கிச் செருகத் தெரிந்தவர்கள்தான் குறைவு. என் மனைவி இப்போது அதே நிறத்தில் ஒன்று கேட்கிறாள் — வயலில் இறங்க அல்ல, கல்யாணத்துக்கு.

தண்ணீர் வடிந்து வரப்பு வெளியே தெரிகிறது. நேற்றுக் காலையிலேயே செல்வி வாசலில் நின்றார்.

"சார், ஒங்க வரப்பு எம் பக்கம் நகந்து வந்திருக்குங்க."

இதற்கும் அண்ணியைத்தான் கூப்பிட வேண்டும் போலிருக்கிறது!