நீதிபதிக்கு வாங்கிய பேனா

என் எழுத்து கோணலாக இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எது முன், எது பின் என்பதும் மறந்து போகிறது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். பீலிக் குழாயில் யார் முதலில் தண்ணீர் பிடிப்பது என்று வந்த சண்டையில், அம்மாவின் தம்பி, என் மாமா, கையிலிருந்த, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை ஓங்கி வீசிவிட்டார். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கோடி வீட்டுக்காரர் செத்துப்போனார்.

கண்டிக் கோர்ட்டில் தீர்ப்பு நாளன்று அம்மா என்னையும் கூட்டிப் போனாள். சிவப்பு அங்கி போட்ட நீதிபதியைப் பார்த்துத் தேரில் வருகிற சாமி என்றே நினைத்தேன். திடீரென்று விளக்கை அணைத்தார்கள். மேலே சுற்றிய காற்றாடியும் நின்றது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவ்வளவு பேர் கூடிய இடத்தில் அப்படியோர் அமைதியை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. தூக்குத் தண்டனை என்று ஒருவர் தமிழில் சொன்னார். நீதிபதி எழுதி முடித்து, பேனா முள்ளை மேசையில் குத்தி உடைத்தார். தூக்கு எழுதினால் அதுதான் வழக்கமாம். அந்தச் சின்னச் சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது.

வெளியே வந்ததும் லோயர் ஐயா அம்மாவிடம் சொன்னார்: “அழாதீங்கம்மா. கொழும்புப் பெரிய கோர்ட்டுக்கு அப்பீல் போடுவோம். திட்டம் போட்டுச் செஞ்சதில்ல, சண்டையில நடந்ததுன்னு எடுத்துச் சொல்லுவோம். அவங்க மாத்தி எழுதலாம்.”

மாற்றி எழுதலாம் என்பது மட்டும்தான் அம்மாவுக்குப் பிடிபட்டது. “பேனாவ ஒடச்சிட்டாங்களே, எதால மாத்தி எழுதுவாங்க?” என்று என்னைக் கேட்டாள். நேரே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அக்குறணை முஸ்லிம் நானா ஒருவரின் புத்தகக் கடைக்குப் போனாள்.

“நல்ல பேனாவா குடுங்க நானா. எழுதுறப்ப நிக்கக் கூடாது.”

“புள்ளைக்குச் சோதினை எழுதவா?”

“நீதிபதிக்கு.”

நானா எங்களை ஒருமுறை பார்த்தார். எடுத்த பேனாவை வைத்துவிட்டு, கண்ணாடி அலுமாரியைத் திறந்து வேறொன்றை எடுத்தார்.

ஊருக்கு வந்ததும் மாரியம்மன் காலடியில் வைப்பாள் என்று நினைத்தேன். அவளோ கோடி வீட்டுக்குப் போனாள். செத்தவரின் பெண்சாதியை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். சண்டைக்குப் பிறகு இரண்டு வீடும் முகம் பார்ப்பதில்லை.

“தொட்டுக் குடு மதினி. ஒன் கை படாம இது எழுதாது.”

“எம் புருசன வெட்டினவனுக்கு நான் தொட்டுக் குடுக்கணுமா? வெக்கமா இல்ல ஒனக்கு?”

“வெக்கத்தப் பாத்தா வந்திருப்பேனா?”

அத்தை பேனாவைப் பிடுங்கினாள். உடைக்கப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதும் கையில்தான் வைத்திருந்தாள். அடுப்பில் சோறு பொங்கி வழிந்தது. அவள் அசையவில்லை. பிறகு பேனாவை முந்தானையால் துடைத்து, அம்மாவிடம் இல்லை, என் கையில் கொடுத்தாள்.

மறுபடி கண்டிக்குப் போய்ப் பேனாவை நீட்டியபோது லோயர் ஐயா சிரிக்கவில்லை. “நீதிபதிக்குக் குடுக்க ஏலாதும்மா. அப்பீல் பேப்பர்ல ஒங்க தம்பி கையெழுத்துப் போடணும். இதாலயே போடச் சொல்றேன்.”

பல மாதம் கழித்துத் தூக்கை மாற்றி மறியல் தண்டனை, அதாவது சிறை, ஆக்கினார்கள். எல்லாம் அந்தப் பேனாவின் சக்தி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அதை உடைக்காமல் திருப்பித் தர அத்தைக்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கும் என்று யோசிக்கிற வயசில்லை.

கோர்ட்டு விசயங்களில் பிழை இருக்கலாம். சட்டம் தெரிந்த யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். சோறு பொங்கி வழிந்தது மட்டும் சரி, அதை மாற்ற வேண்டாம்.