காலியாகத் தெரிந்த புல்நிலம்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நடுநடுவே நான் சிரித்துவிடுவதால் அவளுக்கு வரி தப்பிப்போகிறது. என்ன செய்ய, வயிறு எரிந்தாலும் எனக்குச் சிரிப்புதான் வரும். என் கல்யாணப் பந்தல் சரிந்து மாமனார் தலையில் விழுந்தபோதும் முதலில் சிரித்தது நான்தான். அதை விடுங்கள், மலைக்கு வருகிறேன்.

புனே பக்கம் ஆகுர்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மலை. யார் வந்தாலும் என் மகன் அங்கே கூட்டிப்போவான். மொட்டையாகக் கிடந்த மலை, இப்போது காடாகிவிட்டது என்பான். மொட்டையாம்! இடுப்பளவு புல் நின்ற மலை அது.

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் மோட்டார் கம்பெனியில் இருந்தார். நான் தகரக் கொட்டகை போட்டு ஒரு பசு வைத்திருந்தேன். அதற்குத் தீனி அந்த மலைதான். அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. மழை விழுந்தால் தசரா முடியும்வரை எந்த மாடும் மலையில் கால் வைக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு பட்டை நிலம், சுண்ணாம்பு அடித்த கல்தான் எல்லை. தசரா கழிந்து புல் பழுத்ததும் அவரவர் பட்டையை அறுத்துக் கட்டி வைத்துக்கொள்வார்கள். பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவை மாவ்ஷி என்போம். வெளியூர்க்காரியான எனக்குத் தன் பட்டையில் பாதியைக் கொடுத்தவள் அவள். ஒரு வருஷம்கூட அறுக்காமல் விடாதே, விட்டால் முள் வந்துவிடும் என்று மட்டும் சொன்னாள். கூடவே என் இட்லியும் கேட்டாள். சட்னியில் சர்க்கரை போட்டுத் தின்பாள், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பிறகு வயலெல்லாம் பிளாட் ஆனது, பாக்கெட் பால் வந்தது. வீடு வீடாக மாட்டை விற்றார்கள். மாவ்ஷியும் விற்றுவிட்டு மகனோடு மூன்றாவது மாடிக்குப் போய்விட்டாள். அறுக்க ஆளில்லாத பட்டைகளில் உண்ணிச்செடி ஏறியது, வேலமரம் எழும்பியது. இரண்டாயிரம் பிறந்தபோது அந்த மலையில் சுத்தமாக இருந்தது என் பாதியும் மாவ்ஷி விட்டுப்போன பாதியும்தான். இரண்டையும் நானே அறுத்தேன்.

அப்போதுதான் என் மகன் காலையில் நடக்கிறவர்களோடு சேர்ந்தான். ஞாயிறுதோறும் மரம் நடுவார்கள். நல்ல காரியம் என்று நானும் நீர்மோர் கொடுத்தனுப்பினேன். என் பட்டையில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருந்தேன். தலையாட்டினான்.

முதல் மழை விழுந்து, புல் விரல் உயரம் முளைத்த நேரம். நான் மேலே போனால் பட்டை முழுக்கக் குழி, குழிக்கு ஒரு கன்று, கன்றைச் சுற்றி முள்வேலி.

"ஏண்டா, சொல்லித்தானே வச்சேன்?"

"காலியா இருந்துச்சும்மா. மத்த எடமெல்லாம் பொதரு, குழி வெட்டவே முடியல."

காலி. நான் வருஷா வருஷம் அரிவாளோடு ஏறி முதுகொடிந்ததால் காலி. எல்லாரும் கைவிட்ட நிலம் தப்பித்துக்கொண்டது, அறுத்துக் காப்பாற்றிய நிலம் மாட்டிக்கொண்டது. இரண்டு வருஷம் நானும் சோம்பேறியாக இருந்திருந்தால் என் பட்டையும் தப்பித்திருக்கும்.

இரண்டு மூன்று வருஷத்தில் மரம் மளமளவென்று வளர்ந்தது. வெளிர் ஊதாப் பூ, அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் அடியில் புல் பிழைக்கவில்லை. தழையை ஒடித்துப் பசுவிடம் நீட்டினேன். மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சோளத்தட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன், கட்டுப்படியாகவில்லை. கடைசியில் ஒரு பால்காரன் வந்து ஓட்டிப்போனான். தெருமுனைவரை அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது என்று சொல்ல ஆசைதான். பார்க்கவேயில்லை. அவன் கையில் பச்சைப் புல் இருந்தது.

மாடு போன பிறகு வந்த மழைக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் நட்டு முடித்துச் சேற்றுக் காலோடு வந்து காப்பி கேட்டான். கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் பார்த்தான்.

"பால் தண்ணியா இருக்குதேம்மா."

"உன் காட்டுல போய்க் கறந்துட்டு வா."

நான் சிரித்துக்கொண்டே சொன்னதால், தமாஷ் என்று நினைத்து அவனும் சிரித்தான்.